கட்ட நாற்பது நிமிடம், ஓட்டப் பன்னிரண்டு விநாடி

டைனோ என்பது காரை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி. அந்த உருளைமேல் ஏற்றிய கார் எங்கும் போகப்போவதில்லை, அதைப் பிடித்துவைப்பது ஒரு வேலையா என்றுதான் நினைத்திருந்தேன். இன்ஜின் சக்தியை அளக்க முதன்முறை போனபோது, அந்த நினைப்பு மணிக்கு 90 கிலோமீட்டர் வரை தாங்கியது.

என்னுடையது முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. முதலில் போன பட்டறையில் ஓர் இளைஞர் கைப்பிடியை ஆட்டி இறுக்கும் நான்கு ராட்செட் பட்டைகளை எடுத்துவந்து, நான்கையும் ஏறக்குறைய செங்குத்தாகத் தரை வளையங்களில் மாட்டி, வண்டி இரண்டு விரற்கடை கீழே இறங்கும்வரை இறுக்கினார். பார்த்தால் யானையையே கட்டிப்போட்டதுபோல் இருந்தது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வண்டியின் மூக்கு மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. சாலைப் பழக்கத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினேன். வெடுக்கென்று அந்தப் பக்கம் பாய்ந்தது. ரப்பர் கருகும் வாடை. காலை எடுத்துவிட்டேன். அன்று எனக்குக் கிடைத்தது டயரின் ஓரத்தில் ஒரு கருந்தீற்றல் மட்டும்தான்.

இரண்டாவது பட்டறையில் டைனோவை இயக்கியவர் வயதில் மூத்தவர். நடந்ததைச் சொன்னேன். "இறுக்கம் போதாமல் இல்லை தம்பி, திசைதான் தப்பு" என்றார். பிறகு ஒரு அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். சக்கரத்தில் 70 கிலோவாட் சக்தி, உருளையின் பரப்பு வேகம் விநாடிக்கு 30 மீட்டர் என்றால், வண்டியை முன்னே தள்ளும் விசை சுமார் 2,330 நியூட்டன். கிட்டத்தட்ட 240 கிலோ எடை. வண்டி நகரவில்லை என்பதால் இந்த விசை காணாமல் போய்விடாது. பின்பட்டைகளும், கட்டை வைத்த பின்சக்கரங்களும்தான் அதை வாங்கிக்கொள்கின்றன. பட்டை தரையோடு 60 டிகிரியில் நின்றால் அதன் இழுவையில் பாதிதான் வண்டியைப் பின்னால் பிடிக்கும். மிச்சமெல்லாம் சஸ்பென்ஷனை அமுக்கத்தான் போகிறது. முன்பக்கத்தை அப்படி அமுக்கினால் டயர் உருளைமேல் கூடுதலாக நசுங்கி, அதைச் சுழற்றவே கொஞ்சம் சக்தி செலவாகும். அளவும் குறைத்தே காட்டும். முதல் பட்டறை என் வண்டிக்கு இரண்டு வகையிலும் கெடுதல் செய்திருந்தது.

கட்டுவதற்கு முன் டயரில்தான் அவர் வெகுநேரம் செலவழித்தார். பள்ளங்களில் சிக்கிய கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார், ஏழெட்டு இருக்கும். அந்த வேகத்தில் சிறு கல்கூடத் தோட்டாதான். காற்றழுத்தம், டயரின் வேக வரம்பு, சக்கர நட்டுகள் எல்லாம் பார்த்த பிறகுதான் பட்டைக்கு வந்தார். நான் வீட்டிலிருந்து ஒரு ஜோடி கொண்டுபோயிருந்தேன். ஒன்றை விரல்களுக்கிடையே உருவிப் பார்த்து, ஓரத்தில் இருந்த வெட்டைக் காட்டித் தனியே போட்டார்.

பின்பட்டைகள் இரண்டும் தாழ்ந்த கோணத்தில் பின்னோக்கி. முன்பட்டைகள் நேர் முன்னே போகாமல், இருபுறமும் விரிந்து தரையைப் பிடித்தன. மூக்கு பக்கவாட்டில் அலையாமல் வைத்தது இந்த விரிவுதான். திருகி மாட்டும் இழுவைக் கொக்கியை அவர் தொடவில்லை. அது நேராக இழுக்கச் செய்தது, பக்கவாட்டு இழுவையில் வளையக்கூடும். அசையும் சஸ்பென்ஷன் கைகளையும் விட்டுவிட்டு, உறுதியான சட்டத்தில் மாட்டினார். புகைக்குழாய்ப் பக்கம் எந்தப் பட்டையும் போகவில்லை. பாலியஸ்டர் 260 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும். அதற்கு வெகு முன்பே வலுவிழந்துவிடும். தொங்கும் நுனிகளையும் சுருட்டிக் கட்டினார்.

எனக்கு முற்றிலும் புதிதாக இருந்தது அடுத்த படிதான். பட்டைகளை அரைகுறையாக இறுக்கி, மெதுவாக உருட்டச் சொன்னார். வண்டி தானாகவே நேர்க்கோட்டுக்கு வந்து அமர்ந்தது. அதன்பிறகே முழு இறுக்கம். மணிக்கு 50 வரை ஓட்டி நிறுத்தி மறுபடி பார்த்தபோது ஒரு பட்டை லேசாகத் தளர்ந்திருந்தது. இறுக்கி முடித்ததும் ராட்செட் நின்ற இடத்தில் பட்டையின்மேல் சாக்பீஸால் கோடு போட்டார். அடுத்த முறையும் இதே இறுக்கம் இருந்தால்தான் இரண்டு அளவுகளை ஒப்பிட முடியுமாம்.

கைபிரேக் போட்டாயிற்று. பின்சக்கரங்கள் நிற்க முன்சக்கரங்கள் மட்டும் சுழல்வதைச் சறுக்கல் என்று நினைத்து மிரளாமலிருக்க, இழுவைக் கட்டுப்பாட்டையும் (டிராக்ஷன் கன்ட்ரோல்) அணைத்தாயிற்று. வண்டிக்கு நேர் முன்னும் பின்னும் நின்றவர்களை அவர் விரட்டாத குறைதான். எனக்குச் சொன்னது இவ்வளவே: ஸ்டியரிங்கை நேராகப் பிடி, திருத்தாதே, ஏதாவது தவறினால் ஆக்சிலரேட்டரை விடு, பிரேக்கை மிதிக்காதே. கனத்த உருளை அவ்வளவு எளிதில் நிற்காது. சக்கரம் பூட்டிக்கொண்டால் அது வண்டியையே பின்னால் இழுத்து எறியப் பார்க்கும்.

ஓட்டம் 12 விநாடி. மூக்கு அசையவில்லை. வந்த எண் நான் நண்பர்களிடம் சொல்லிவைத்ததைவிடக் குறைவு; அதைப்பற்றி வேறொரு நாள்.

கிளம்பும்போது தனியே கிடந்த என் பட்டையைக் கேட்டேன், வேறெதற்காவது ஆகுமே என்று. அவர் கத்தியை எடுத்து அதை நடுவில் அறுத்து, இரண்டு துண்டுகளையும் குப்பைத் தொட்டியில் போட்டார்.