இமேஜ் சீக்வென்ஸ் நாட்குறிப்பு: 1001 முதல் 1112 வரை

3 மார்ச் 2025

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளிலிருந்து விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) ஷாட்டுகளை இஎக்ஸ்ஆர் சீக்வென்ஸாக, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எண்ணிட்ட தனிப் படக்கோப்பாக, எடுக்கும் வேலை தொடங்கியது. டைம்லைன் 24 எஃப்பிஎஸ் (நொடிக்கு 24 ஃபிரேம்). முதல் ஷாட்டில் எடிட்டர் பயன்படுத்தும் பகுதி (கட்) 96 ஃபிரேம். முன்னும் பின்னும் 8 ஃபிரேம் ஹேண்டில் (கையிருப்பாக விடும் கூடுதல் ஃபிரேம்) சேர்த்தால் 112. முதல் கோப்பு 1001 என்றால் கடைசிக் கோப்பு 1112. கட் 1009இல் தொடங்கி 1104இல் முடிகிறது. கடைசி எண்ணில் முதல் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டினால்தான் ஃபிரேம் கணக்கு சரியாக வரும். அந்த ஒன்றை விட்டுவிட்டால் ஷாட் ஒரு ஃபிரேம் தள்ளி உட்காரும். ஷாட் மாறும் இடத்தில் ஒரு மினுக்கு தெரியும்.

1001இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1இல் தொடங்கிய ஷாட்டுக்கு எடிட்டர் நாளை முன்பக்கம் 10 ஃபிரேம் கூடுதலாகக் கேட்டால் மைனஸ் எண்ணுக்குப் போக வேண்டும், அல்லது எல்லாவற்றுக்கும் எண் மாற்ற வேண்டும். 1001இல் தொடங்கியிருந்தால் 0991 வரை பின்னால் போனாலும் கொடுத்த எண் எதுவும் மாறாது. ரோட்டோ (உருவத்தை விளிம்பு வரைந்து பிரிப்பது), டிராக்கிங் (அசைவைப் பின்தொடர்வது), "1047இல் விளிம்பு அதிர்கிறது" என்ற குறிப்பு எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துத்தான் நிற்கின்றன. எண்தான் ஃபிரேமின் முகவரி. ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான்.

ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் 'இன்டிவிஜுவல் கிளிப்ஸ்' தேர்ந்து, 'ஃபைல்' என்ற தாவலில் ஒவ்வொரு கிளிப்பும் எந்த எண்ணில் தொடங்க வேண்டும், எத்தனை இலக்கம் என்பதைக் கொடுத்தேன். ஒவ்வொரு கிளிப்பும் தனி ஃபோல்டரில். முழு டைம்லைனையும் டிபிஎக்ஸாக (இன்னொரு வகைப் படக்கோப்பு) எடுக்கும்போது மட்டும் இப்படிச் செய்வதில்லை. அங்கே டைம்கோடிலிருந்து (மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம்) வரும் எண்ணே நல்லது. 24 எஃப்பிஎஸ்ஸில் 01:00:00:00 என்பது 86400ஆவது ஃபிரேம், அதனால் கோப்பு 00086400. அடுத்து 00086412 கண்ணில் பட்டால் அது 01:00:00:12 என்று மனக்கணக்கிலேயே தெரிந்துவிடும். 25 எஃப்பிஎஸ் என்றால் தொடக்கம் 90000.

4 மார்ச்

டிஸ்க்கில் பிடிக்கும் இடத்தின் கணக்கு. 1920×1080, 10 பிட் டிபிஎக்ஸ்: பிக்சலுக்கு 4 பைட், ஃபிரேமுக்கு 8.3 எம்பி. நொடிக்கு 199 எம்பி, நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 ஜிபி. 3840×2160 என்றால் இதைப்போல் நான்கு மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அதைத் தடையில்லாமல் ஓட்டிப் பார்க்க முடியாது. இஎக்ஸ்ஆரில் ஜிப் கம்ப்ரஷன் தரம் இழக்காது. டிடபிள்யூஏஏ என்ற இன்னொரு கம்ப்ரஷன் சிறிதாக்கும், ஆனால் தரம் இழக்கும். பச்சைத்திரை ஷாட்டுக்கு ஜிப் மட்டும்.

6 மார்ச்

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர், இரண்டு கணினிகள், ஒரே ஃபோல்டர். அவுட்புட் பகுதியில் 'ஓவர்ரைட்' நீக்கி 'பிளேஸ்ஹோல்டர்ஸ்' போட்டால் ஒரு கணினி எடுத்த ஃபிரேமை மற்றது தொடாது. அதில் ஒரு குழி இருக்கிறது: நடுவில் கணினி நின்றுபோனால் அந்த ஃபிரேமின் வெற்றுக் கோப்பு அப்படியே கிடக்கும். மறுபடி ஓட்டினாலும் "இருக்கிறதே" என்று தாண்டிவிடும். ஃபோல்டரை அளவுப்படி வரிசைப்படுத்தி, 0 பைட் கோப்புகளை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும்.

7 மார்ச்

சீக்வென்ஸில் 1063ஆம் கோப்பு இல்லை. இதை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ரிசால்வ் ஒரே சீக்வென்ஸை 1001-1062, 1064-1112 என்று இரண்டு கிளிப்பாகக் காட்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அந்த இடத்தில் கலர் பார் வைக்கும். எஃப்எஃப்எம்பெக் (கட்டளை வரியில் ஓடும் வீடியோ மாற்றி) 1062இலேயே நிறுத்திவிட்டு, வேலை ஒழுங்காக முடிந்ததுபோல் வெளியேறும். மூன்றிலும் ஆபத்தானது இதுதான். பக்கத்து ஃபிரேமை நகலெடுத்து 1063 என்று பெயர் வைப்பதும், பின்னால் உள்ளவற்றை ஒவ்வொன்றாக முன்னே இழுப்பதும் தவறு. அந்த ஒரு ஃபிரேமை மட்டும் மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும். சீக்வென்ஸாக எடுப்பதன் பெரிய லாபமே இதுதானே.

10 மார்ச்

வேகம். தனித்தனிப் படங்களை உள்ளே எடுக்கும்போது வேகத்தை மென்பொருளே ஊகிக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் இயல்பு அமைப்பு 30: 4.67 நொடி இருக்க வேண்டிய 112 ஃபிரேம் 3.73 நொடியில் ஓடிவிடும். இது உடனே தெரியும். எஃப்எஃப்எம்பெக்கின் இயல்பு 25, 4.48 நொடி வரும். கண்ணுக்குப் பிடிபடாது, ஒலியோடு வைத்தால்தான் உதடு விலகும். ஃபிரேம் ரேட்டை உள்ளீட்டுக் கோப்புக்கு முன்னால் எழுத வேண்டும், பின்னால் எழுதினால் பயனில்லை. 'ஸ்டார்ட் நம்பர்' 1001 என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 0 முதல் 4 வரை மட்டும் தேடிவிட்டுக் கோப்பே இல்லை என்று சொல்லும். பிரீமியரில் முதல் படத்தைத் தேர்ந்து 'இமேஜ் சீக்வென்ஸ்' டிக் செய்து, பிறகு 'இன்டர்பிரட் ஃபுட்டேஜ்' போய் 24 என்று சரிபார்க்க வேண்டும்.

11 மார்ச்

ஒப்படைப்பு. ஒலி தனியாக, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் வேவ். திருத்தம் வந்த ஷாட்டுகள் இரண்டாம் பதிப்பு ஃபோல்டரில், அதே 1001-1112 எண்களோடு. பழைய ஃபோல்டரின்மேல் எழுதவில்லை: புதியது குறைவான ஃபிரேமோடு நின்றுபோனால், பழையதின் வால் ஒட்டிக்கொண்டு முழுமையானதுபோல் தோன்றும்.