சைக்கிள் என்று ஆரம்பித்தால் பார்க்கிங்கில் வந்து நிற்கும்

குடியிருப்புத் தெருக்களைச் சைக்கிள் ஓட்டத் தோதாக மாற்ற, அங்கே குடியிருப்பவர்களைச் சேர்த்துப் பேசவைப்பது என் வேலை. சென்னையில் இதைச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். என் வேலை என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "ரோடு சம்பந்தமா ஏதோ பண்றா" என்று முடித்துக்கொள்வார். தெருவில் எனக்கு 'சைக்கிள் மேடம்' என்று பெயர். ஆனால் எந்தத் தெருவிலும் முதல் கூட்டத்தில் நான் சைக்கிள் என்று வாயைத் திறப்பதில்லை.

கூட்டம் என்றால் பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, சங்கச் செயலாளர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப்பேர் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் அபூர்வம். சைக்கிளில் போகிற ஒருவர்கூட இருக்க மாட்டார். அந்த நேரத்தில் அவர் எங்கோ வேலையில் இருப்பார், அல்லது இரவு டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட இடத்தில் எழுந்து "சைக்கிளுக்கு வழி விடணும்" என்றால், "யாரும்மா இப்ப சைக்கிள் ஓட்டுறாங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதைக் கேட்கிறவர் கிண்டலுக்குக் கேட்பதில்லை. அவர் நிஜமாகவே பார்த்ததில்லை.

ஏன் பார்த்ததில்லை என்பது தெருமுனையில் உட்கார்ந்து எண்ணும்போதுதான் புரிகிறது. பேப்பர் போடும் பையன்கள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். அப்புறம் பால் பாக்கெட், பூக்காரர், ஷிப்ட் மாறும் வாட்ச்மேன்கள், கட்டட வேலைக்கு டிபன் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள். ஏழரைக்கு முன்பே சைக்கிள் கூட்டத்தில் பெரும்பகுதி கடந்துவிடுகிறது. சங்கத்துக்காரர்கள் காபி குடித்துவிட்டு வெளியே வரும்போது தெருவில் ஸ்கூட்டரும் காரும்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவீதம் சைக்கிள் வைத்திருந்தன, கார் வைத்திருந்தவை 4.7 சதவீதம். அதற்குப் பிறகு நிலைமை நிறைய மாறியிருக்கிறது. சைக்கிளில் போன பலர் தவணையில் டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிச்சமிருப்பவர்கள் தவணையும் கட்ட முடியாதவர்கள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

சைக்கிள் வைத்திருப்பவர்களில் அடுத்த கூட்டம் பிள்ளைகள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு எல்லாருக்கும் விரிந்தது. நான் போகும் வீடுகளில் அந்த சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே பார்ப்பேன், காற்று இறங்கி, சீட்டில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல். கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். "அந்த மெயின் ரோட்டைத் தாண்டணுமேம்மா." வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் உள்ள தூரத்தில் முக்கால்வாசி சின்னத் தெருக்கள், ஓட்டலாம். நடுவில் ஒரே ஒரு சந்திப்பு. அந்த ஒரு சந்திப்புக்காக அப்பா தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். காலையில் பள்ளி வாசலில் நெரிசல் ஏன் என்று கேட்டால், இப்படிப்பட்ட அப்பாக்களெல்லாம் ஒரே நேரத்தில் அங்கே வந்து நிற்பதுதான் காரணம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எங்கள் துறையில் எல்லாரும் பெருமையாகச் சொல்லும் கதை அது. அங்கே ரோடு காலியாக இருந்தது, ஓட்டத் தெரியவில்லை. இங்கே எல்லாருக்கும் ஓட்டத் தெரியும்.

ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்து, பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னேன். லாரி, பஸ், குழி என்று வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது நாய். இந்தத் தெருவில் மூன்று நாய், அந்தக் குப்பைத்தொட்டி பக்கத்தில் ஒரு கறுப்பு நாய், அது சைக்கிளை மட்டும்தான் துரத்தும். "பைக்கில போனா ஒண்ணும் பண்ணாதுக்கா" என்றான் ஒருவன். இரண்டாவது இடத்தில் வந்தது டியூஷன் முடியும் எட்டு மணி இருட்டு. விளக்குக் கம்பம் இருக்கிறது, மரக்கிளை அதை மூடிவிட்டது. மூன்றாவது கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் தெருவே அடைத்துக்கொள்ளும். எந்தப் பொறியியல் கையேட்டிலும் நாய்க்கு அத்தியாயம் இல்லை. ஆனால் இந்த வரைபடங்களைச் சங்கக் கூட்டத்தில் சுவரில் ஒட்டினால், பேரன் பேத்தி இருக்கிற எல்லாரும் எழுந்து வந்து பார்க்கிறார்கள். நாய்களுக்குச் சோறு வைக்கும் மாமி ஒருவர் சண்டை போடவே வந்தார். குப்பைத்தொட்டியை இடம் மாற்றிக் கொடுத்தால் சோறு வைக்கும் இடத்தையும் மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி செய்தார்.

சைக்கிளுக்கென்று தனிப்பாதை போடுவீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. அகலமான சாலைகளில் அது வேண்டும். உள்தெருக்களில் தேவையே இல்லை, வேகம் குறைந்தால் போதும். 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்பை மாற்றி அமைத்தபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தது. நான் பேசும் இடங்களில் இது தெரிந்தவர்கள் குறைவு. தெருவில் ஒரு பலகைகூடக் கிடையாது, எப்படித் தெரியும்? வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொன்னவுடன் எல்லாரும் ஒருமித்துக் கேட்பது ஸ்பீடு பிரேக்கர். கான்ட்ராக்டர் மிச்சமிருக்கும் தார்க்கலவையைக் குவித்து ஒரு மேடு போட்டுவிட்டுப் போய்விடுவார். கார் மெதுவாக ஏறி இறங்கும். பின்னால் தண்ணீர்க் கேன் கட்டிய சைக்கிள்காரருக்குத்தான் இடுப்பு போகும். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி மேடு வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அவ்வளவு நீளமாக வழிந்து இறங்கினால் சைக்கிள் சறுக்கிக்கொண்டே போய்விடும், வேகமாக வரும் காருக்கு மட்டும்தான் உதைக்கும். இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் ஓட விடும் இடைவெளி சைக்கிளுக்கும் வழியாகிறது. இதை ஒரு முறை தரையில் டேப் வைத்து அளந்து காட்டினால் போதும், பேசிப் புரியவைப்பது கஷ்டம்.

இன்னொன்று மழைநீர் வடிகால் மேல் போடும் இரும்புச் சல்லடை. கம்பிகள் சாலை போகும் திசையிலேயே இருந்தால் சைக்கிள் டயர் நேராக உள்ளே இறங்கிவிடும். குறுக்கே இருந்தால் ஒன்றும் ஆகாது. சதுரச் சல்லடை என்றால் கடப்பாரையால் தூக்கித் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது, பைசா செலவில்லை. நான் செய்த வேலைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். எஸ்டிமேட் வேண்டாம், டெண்டர் வேண்டாம், இரண்டு பேர் போதும்.

தெருமுனை விஷயம் அவ்வளவு சுலபமில்லை. முனைகள் வளைவாக, அகலமாக இருப்பதால் வண்டிகள் வேகம் குறைக்காமலே திரும்புகின்றன. முனையைச் சுருக்கலாம் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை இரவு அனுமதி வாங்கி, முனையில் சுண்ணாம்புப் பொடியைத் தூவி விட்டோம். ஞாயிறு மதியம் வரை போன வண்டிகளின் டயர் அதில் கோடு கிழித்திருந்தது. கார், ஆட்டோ, குப்பை லாரி எல்லாம் ஏறக்குறைய ஒரே வளைவில் திரும்பியிருந்தன. அந்த வளைவுக்கு வெளியே, முனைக்கு உள்பக்கம், பொடி தூவியபடியே வெள்ளையாகக் கிடந்தது, ஒரு காரை நிறுத்துகிற அளவுக்கு. அதுவரை மறுத்துப் பேசிய ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ இடம் சும்மாவா கிடக்குது?" என்றார். அடுத்த நிமிஷமே இன்னொருவர், "ஃபயர் சர்வீஸ் வண்டி எப்படித் திரும்பும்?" என்றார். நியாயமான கேள்வி, அளந்து காட்டினோம். அதைக் கேட்டவருடைய கார்தான் வழக்கமாக அந்த முனையில் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை.

எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் பார்க்கிங்கில்தான் வந்து நிற்கிறது. பத்திரத்தில் 30 அடி சாலை. இரண்டு பக்கமும் கார், வீட்டுக்கு ஏறும் சாய்தளம், மின்வாரியப் பெட்டி, எவரோ வைத்த பூந்தொட்டி எல்லாம் போக மிஞ்சுவது பத்து பன்னிரண்டு அடி. அதில் எதிரும் புதிருமாக வண்டி வரும்போது சைக்கிள்காரர் கார் கதவோரமாக ஒதுங்க வேண்டும். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. அதனால் ஒரு பக்கம் மட்டும் கார் நிறுத்தலாமா என்று கேட்பதுதான் எங்கள் வேலையின் மையம். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை. வீட்டு வாசல் தெரு தனக்குச் சொந்தம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. வாசலில் கல்லை வைத்து இடம் பிடிப்பதை யாரும் ஆக்கிரமிப்பு என்று நினைப்பதில்லை. "பாண்டி பஜார் மாதிரி பண்ணப் போறீங்களா?" என்று பயத்தோடு கேட்பார்கள். 2019இல் அந்தக் கடைவீதி இருக்கும் தியாகராய சாலை நடைபாதை வளாகமான பிறகு அந்தப் பெயர் சிலருக்கு ஆசை, சிலருக்கு மிரட்டல்.

இதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. வீட்டுக்கு ஒரு கார் வைத்திருப்பவரை எதிரியாக்கக் கூடாது, முடியாது. அவர்தான் கூட்டத்துக்கு வருகிறார், அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் இரண்டாவது, மூன்றாவது கார் தெருவில் நிற்பதை அந்தத் தெருக்காரர்களே விரும்புவதில்லை. அந்தப் பேச்சை நான் எடுக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் எடுப்பார். ஒரு தெருவில் மாதத்தின் முதல் பாதியில் இந்தப் பக்கம், அடுத்த பாதியில் அந்தப் பக்கம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். மண்டபத்துக்காரர் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. முகூர்த்த நாளில் ஏற்பாடெல்லாம் காற்றில் போகிறது.

அதிகாரிகள் பக்கம் எனக்குப் பெரிய புகார் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று கொள்கை ஏற்றுக்கொண்டது. நடப்பவர், சைக்கிளில் போகிறவர்தான் முதலில் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டால் யாரும் மறுப்பதில்லை. உதவிப் பொறியாளரைப் பிடிக்க வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். தெருவுக்குப் புதிதாகத் தார் போட எஸ்டிமேட் தயாராகும் சமயம். 2021இல் தலைமைச் செயலாளர் உத்தரவுக்குப் பிறகு பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும். அப்போது மேன்ஹோல் மூடி மட்டம், சல்லடை திசை, மேட்டின் நீளம், முனை எல்லாவற்றையும் அதே செலவில் சரிசெய்துவிடலாம். அந்தச் சமயத்தைத் தவறவிட்டால் அடுத்த தார் வரைக்கும் காத்திருக்க வேண்டும், நடுவில் பொறியாளரும் மாறிவிடுவார். அதனால் வரைபடம், மனு, புகைப்படம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி சங்கத்திடம், ஒன்று கவுன்சிலர் அலுவலகத்தில், ஒன்று எங்களிடம். 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் கவுன்சிலர்கள் வந்தது எங்களுக்குப் பெரிய வசதி. அதற்கு முன் வார்டில் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாத வருஷங்கள் இருந்தன.

அந்தப் பள்ளிக்கூட மெயின் ரோடு சந்திப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. உள்தெருக்களோடு அதற்குச் சம்பந்தமில்லை, வேறு பிரிவு, போக்குவரத்துக் காவல்துறையும் சம்மதிக்க வேண்டும். சிக்னல் நேரத்தைப் பிள்ளைகள் கடக்கும்படி கூட்டிக் கேட்டோம். எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று கணக்குக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். பள்ளி திறந்ததும் ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை எண்ணுகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். நான்கு மூலைக்கும் ஆள் வேண்டும். நாய் மாமி ஒரு மூலைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். இன்னும் மூன்று பேரைப் பிடிக்க வேண்டும்.