பத்தாவது திருத்தம்

“இணைப்பு உரிமை தருவதற்கு முன் உங்கள் முழுப்பெயரையும் பணிபுரியும் இடத்தையும் தெரிவியுங்கள், ஒருமுறை காணொளி அழைப்பில் பேசிவிடுவோம்.” என் நிரலில் திருத்தங்களைத் தானே இணைத்துக்கொள்ளும் உரிமையைக் கேட்ட, முகமறியாத ஒருவருக்கு 2024 ஏப்ரல் முதல் வாரத்தில் நான் எழுதி அனுப்பிய இந்த வரியை இன்றும் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். தனித்தனிச் சொற்களில் தவறு தெரிவதில்லை. சேர்த்துப் படிக்கும்போது விசாரணை போல ஒலிக்கிறது.

அவர் அனுப்பிய முதல் திருத்தம் நன்றாக நினைவிருக்கிறது. பாமினி என்னும் பழைய எழுத்துருவில் உள்ள உரையை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் என் நிரல், ‘வெளிநாடு’ என்பதை ‘வௌிநாடு’ என்று மாற்றிக்கொண்டிருந்தது. பாமினியில் ஔகாரக் குறியின் வலப்பாதிக்கும் ளகரத்துக்கும் விசை ஒன்றுதான் என்பதால், ஒற்றைக்கொம்பும் வகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தவுடன் அதை ‘வௌ’ என்றே நிரல் எடுத்துக்கொண்டது. அடுத்து இகரக் குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை அவர் நான்கே வரிகளில் எழுதி, ‘மௌனம்’, ‘கௌரவம்’ தொடங்கி ‘தெளிவு’, ‘வெள்ளம்’ வரை நாற்பது சொற்களைச் சோதனைக்கும் சேர்த்திருந்தார். மூன்று ஆண்டுகளாக நான் தள்ளிவைத்திருந்த வழு அது.

அடுத்த ஒன்றரை ஆண்டில் மேலும் எட்டுத் திருத்தங்கள் வந்தன, அனைத்தையும் இணைத்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, ஒரு புனைபெயர் மட்டுமே தெரியும். பிறகு ஒருநாள், “ஐயா, அலுவலக வேலைக்கு நடுவே உங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்று தெரிகிறது, சிறு திருத்தங்களை நானே இணைத்துவிட அனுமதி தர முடியுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஒரு வாரம் முன்னதாக வந்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேனோ என்னவோ. மார்ச் 29 அன்றுதான், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிறர் கணினிக்குள் மறைவாக நுழைய வழிசெய்யும் பின்வாசல் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் வெளிப்படுத்தியிருந்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்துத் தேடியதால் அது பிடிபட்டது. அதை வைத்தவர் 2021 முதல் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி, அந்த நிரலின் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். களைத்திருந்த அந்தப் பராமரிப்பாளரிடம், உதவிக்கு ஆள் சேர்த்துக்கொள்ளுமாறு முகமறியாத சிலர் நெருக்கியிருந்தார்கள். இரவு முழுவதும் அதைப் படித்திருந்த எனக்கு, ‘நேரம் கிடைப்பதில்லை என்று தெரிகிறது’ என்ற கரிசனமே எச்சரிக்கையாகத் தோன்றியது.

நான் செய்தது சரி என்றே பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னுடையது எழுத்துகளை மாற்றும் சிறு நிரல்தான். ஆனாலும் அதை நிறுவுபவரின் கணினியில், நிறுவும் வேளையிலேயே எந்தக் கட்டளையையும் இயக்க வழியுண்டு. பழைய இதழ்களை ஒருங்குறிக்கு மாற்றுபவர்கள் அதை நம்பி நிறுவுகிறார்கள். அவர்களுக்கு நான் பொறுப்பு.

ஆயினும் அந்தப் பொறுப்புக்கும் நான் கேட்ட கேள்விக்கும் தொடர்பு உண்டா? பெயரையும் நிறுவனத்தையும் எவரும் பொய்யாகச் சொல்லலாம். இணைக்கும் உரிமையை மட்டும் கொடுத்து, பதிப்பு வெளியிடும் உரிமையை என்னிடமே வைத்திருக்கலாம். அல்லது இருவரும் பார்த்த பின்பே எதுவும் சேரும் என்று விதி வைத்திருக்கலாம். அலுவலகத்தில் இதை நாள்தோறும் செய்கிறேன். அப்போது அது தோன்றவே இல்லை, அல்லது தோன்ற விடாமல் அச்சம் தடுத்தது. நானும் ஒரு காலத்தில் புனைபெயரில்தான் திருத்தங்கள் அனுப்பினேன். ஒரு திட்டத்தில் மூன்றாவது வாரமே உரிமை கொடுத்தார்கள், யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. அது அவர்களுடைய அசட்டையா, பெருந்தன்மையா என்று முன்பு நான் யோசித்ததில்லை.

“ஒன்பது திருத்தங்களையும் வரிவரியாகப் பார்த்துத்தானே ஏற்றீர்கள், ஐயா. அதற்குமேல் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை” என்று பதில் வந்தது. பெயரை மறைக்க அவருக்கு ஆயிரம் நியாயமான காரணங்கள் இருக்கலாம். பணியிடத்தின் ஒப்பந்தமே தடையாக இருக்கலாம். மறைப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். அவரை நல்லவர் என்று எண்ணும் நாட்களில் வெட்கமாகவும், அப்படி எண்ண முடியாத நாட்களில் அந்த வெட்கத்தின் மீதே ஐயமாகவும் இருக்கிறது.

அதற்கு முன் அவர் அனுப்பியிருந்த பத்தாவது திருத்தம் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஒருங்குறியில் ‘ஸ்ரீ’ எழுதப்படும் இரண்டு முறைகளையும் ஒன்றாக்குவது அது. நான்கு முறை சோதித்துவிட்டேன், பிழையே இல்லை. மன்னிப்புக் கேட்காமல் அதை இணைத்துக்கொள்வது உழைப்பை மட்டும் பறித்துக்கொள்வதாகும் என்று தோன்றுகிறது. மன்னிப்புக் கேட்டு எழுதத் தொடங்கினால், அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடியும் கேட்டுவிடுகிறேன்.