பரேஹா நகல்: காலர் வரைக்கும் வந்தாச்சு

பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்க்கஸ் வரைந்த ஹுவான் தெ பரேஹாவின் உருவப்படத்தை ஆயிலில் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பின்னணியும் முகமும் முடிந்தன, கோட்டு பாதியில் நிற்கிறது. அசல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. பெரிய அளவுப் படத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கட்டம் போடும்போது ஒன்று கவனிக்கணும். 1970-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இந்தப் படம் 23,10,000 பவுண்டுக்குப் போனது. பத்து லட்சம் பவுண்டைத் தாண்டி ஏலம் போன முதல் ஓவியம் இதுதான். வாங்கிய பிறகு சுத்தம் செய்தபோது, கேன்வாஸின் ஓரம் பின்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது தெரிந்து விரித்துவிட்டார்கள். பழைய அச்சுப்படத்தைப் பார்த்து அளவெடுத்தால் ஆளைச் சுற்றி இடம் குறைந்துவிடும்.

கேன்வாஸ் முழுக்க பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்தேன். பின்னணிக்கு ஐவரி பிளாக், யெல்லோ ஆக்கர், வெள்ளை மட்டும். கறுப்பில் மஞ்சள் சேர்ந்தாலே பச்சை தட்டிவிடும். பச்சை ட்யூபைத் திறக்கவே இல்லை.

காலர்தான் படுத்துகிறது. தள்ளி நின்று பார்த்தால் அசல் லேஸ். திரையில் பெரிதாக்கினால் லேஸே கிடையாது. கெட்டி வெள்ளையை இங்கே ஒரு இழுப்பு, அங்கே ஒரு குத்து, நடுவில் அடிநிறத்தை அப்படியே விட்டுவிட்டார் மனுஷன். பொறுமையாகப் பின்னல் போட்டால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிறது. பெரிய பிரஷ்ஷை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேகமாக இழுத்தால்தான் வருகிறது.

பரேஹா யார்? வெலாஸ்க்கஸின் அடிமை, பட்டறை உதவியாளர். நான்காம் பிலிப் மன்னருக்குச் சிலைகளும் ஓவியங்களும் வாங்க 1649-இல் இத்தாலி கிளம்பிய வெலாஸ்க்கஸ் இவரையும் கூட்டிப்போனார். 1650 மார்ச்சில் ரோமில் பாந்தியன் என்ற பழங்காலக் கட்டடத்தில் இந்தப் படம் வைக்கப்பட்டு ஊரே பேசியது. போப் பத்தாம் இன்னசென்டை வரைவதற்கு முன் கையைப் பழக்கிக்கொள்ளத்தான் இதை வரைந்தார் என்று பழைய சரித்திரக்காரர் பலோமினோ எழுதியிருக்கிறார். அந்தக் கண்களைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு அது ஒப்பவில்லை. கை பழக வரைகிறவர் ஒருவரை இவ்வளவு நிமிர்ந்து பார்க்க விடுவாரா?

அதே வருடம் நவம்பரில் வெலாஸ்க்கஸ் பரேஹாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஆனால் இன்னும் நான்கு வருடம் வேலை பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிறகு பரேஹாவே ஓவியர் ஆனார். 1661-இல் அவர் வரைந்த ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ மாட்ரிட்டின் பிராடோ மியூசியத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில், தன் கையெழுத்துள்ள தாளைப் பிடித்தபடி தானும் நிற்கிறார். அடுத்த நகல் அதிலிருந்து அந்த ஒரு உருவம் மட்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இப்போதைக்குக் கோட்டுக் கை பாக்கி. சாம்பல் பச்சையில் மேலும் இரண்டு அடர்த்தி கலந்து டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். காலர் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் தொடங்கணும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான்.