விஜயமங்கலத்தில் செனெக்கா: வெளிநாட்டு அறிஞர்களோடு ஒரு கொங்குச் சுற்று

வெளிநாட்டுத் தத்துவப் பேராசிரியர்களைப் பேரூருக்கும் விஜயமங்கலத்துக்கும் வண்டியில் அழைத்துப் போய்வந்தோம். முதலில் வண்டிக் கணக்கு. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. கோவையில் டெம்போ டிராவலர் பேசும்போது கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். ஷெட்டிலிருந்து ஷெட் வரை ஓட்டம், நாளொன்றுக்கு மினிமம் கிலோமீட்டர், பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனித்தனி. எங்கள் டிரைவர் ஃபாஸ்டேக்கில் கழிந்த டோலைப் பில்லில் ஒருமுறை, கையில் ஒருமுறை வாங்கப் பார்த்தார். உள்ளே வெள்ளைக்காரர்கள் என்றதும் பேட்டாவும் ஏறியது. கிளம்பும்போதே மீட்டரைப் படம் எடுங்கள். ரேட்டை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

பேரூர் வழக்கம்போல நன்றாக இருந்தது. ஆனால் செலவழித்த காசுக்கு வாய்த்தது விஜயமங்கலம்தான்.

வெளிநாட்டுத் தத்துவப் பேராசிரியர்கள் வந்தால் நம்மூரில் ஏசி ஹால், குத்துவிளக்கு, பொன்னாடை, வரிசையாக வாழ்த்துரை. கடைசியில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கைகுலுக்கிப் பிரிவார்கள். இதுவா கிழக்கு மேற்கு உரையாடல்? பொன்னாடைக் காசை வண்டிக்குப் போடுங்கள்.

பெருந்துறைக்குக் கொஞ்சம் மேற்கே, விஜயமங்கலத்தில் இருக்கிறது சந்திரப்பிரப தீர்த்தங்கரரின் சமணக் கோயில். ‘நெட்டைக்கோபுரம்’ என்று கேளுங்கள், வழி சொல்வார்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போனால் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டிவரும். மண்டபத்துத் தூணில் புளியப்பையின் நிசீதிகை (நோன்பிருந்து இறந்தவருக்கான நினைவுச் சின்னம்) இருக்கிறது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை இவர், உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டவர். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், எழுத்து எழும்பும். மாவு, சாக்பீஸ் பூசவே கூடாது.

பழைய கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் தத்துவம் படித்தவர்கள் இங்கே உடனே செனெக்காவுக்குப் போவார்கள். கி.பி. 65-இல் ரோமப் பேரரசன் நீரோவின் ஆணைப்படி ரத்தக்குழாயை அறுத்துக்கொண்ட ஸ்டோயிக் அறிஞர் அவர். ‘இரண்டும் ஒன்றுதானே?’ என்பார்கள். அங்கேயே பிடித்து நிறுத்துங்கள். சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் சல்லேகனைக்கு, அதாவது இந்த உண்ணாநோன்பு மரணத்துக்கு, ஐந்து குற்றங்களைச் சொல்கிறது: வாழ ஆசைப்படுவது, சாக ஆசைப்படுவது, நண்பர்கள் மேல் பற்று, அனுபவித்த சுகங்களை நினைப்பது, நோன்புக்குப் பலன் கேட்பது. கதவு திறந்தே இருக்கிறது, வேண்டாமென்றால் போகலாம் என்ற இன்னொரு ஸ்டோயிக் எபிக்டெட்டஸ் அந்த இரண்டாவதிலேயே அடிபடுவார்! பதிலுக்கு, சாக விருப்பமே இல்லாதவர் உணவை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்பார்கள். சரியான கேள்வி, நம்மவர்களும் திணறத்தான் வேண்டும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை யாராவது இழுப்பார். அது மானத்துக்காக, இதோடு சேர்த்துக் கட்டக்கூடாது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலை என்று தடுத்ததையும், அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்ததையும் எடுத்துப்போட்டால் பேச்சு இன்னும் சூடாகும்.

இதற்கு மூலநூலில் ஒரே ஒரு பக்கம் போதும். தமிழும் ஆங்கிலமும் அருகருகே அச்சடித்து இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். மொழிபெயர்த்துப் பேசினால் 20 நிமிட உரை 40 நிமிடம் இழுக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம், மீதி கேள்விக்கு. பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவர் போனை நோண்டுவார். வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, காலை பத்துக்குள் முடியுங்கள்.

சாப்பாடு? அரிசிம்பருப்புச் சோறு! அடடா, தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். பால்பொருள் தொடாதவர்களுக்கு நெய்யை நிறுத்திக் கடலை எண்ணெயில் தாளிக்கச் சொன்னால் போதும். கோதுமை ஒவ்வாதவர் விஷயத்தில்தான் கவனம்: கடைப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ‘அரிசிதானே’ என்று சமையல்காரர் சத்தியம் செய்வார், நம்பாதீர்கள்.

கருத்தரங்கு என்று அழைத்தால் கான்ஃபரன்ஸ் விசா எடுக்கச் சொல்லுங்கள். சுற்றுலா விசாவில் வந்து மேடையேறினால் மாட்டுவது விருந்தாளிதான். வீட்டில் தங்கவைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்கும் விவரப் படிவத்தை (முன்பு ‘சி’ படிவம்) ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படத்தை அவர்கள் விமானம் ஏறும் முன்பே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.