மூச்சை வெளியே விடுவதுதான் பாடு

தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்காகக் கொடுத்த கருவி அது. முதல் ராத்திரி 20 நிமிடத்தில் அதன் முகமூடியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். மறுநாள் அதுவும் தாங்கவில்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன். பட்டப்பகலில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதே கண் சொருகிப் பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் ஈப்போவில் தூக்கப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டேன். மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறதாம். 30 தொட்டாலே கடுமையான வகை. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபேப் (CPAP) கருவி, அழுத்தம் 11 என்று எழுதிக் கொடுத்தார்கள்.

11 என்றால் 11 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். உயரமான கிளாஸில் அவ்வளவு ஆழத்துக்கு ஸ்ட்ராவை விட்டு ஊதிப் பாருங்கள். குமிழி கிளம்ப எவ்வளவு தம் வேண்டுமோ, அவ்வளவுதான். தொண்டை மூடிக்கொள்ளாமல் ராத்திரி முழுக்க அந்தக் காற்றுதான் தாங்குகிறது. இது ஒரு பெரிய விஷயமா என்று ஒட்டுக்கடையில் ஐஸ் மைலோவில் ஊதிப் பார்த்துச் சிரித்தேன். படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. இழுப்பது சுலபம். விடும்போதுதான் மோட்டார் சைக்கிளில் எதிர்காற்றில் வாயைத் திறந்த மாதிரி முட்டியது.

கருவி விற்றவர் 'ரேம்ப்' வைத்துக் கொடுத்திருந்தார்: 4-இல் தொடங்கி 45 நிமிடத்தில் மெல்ல 11-க்கு ஏறும். எனக்கு அதுவே வினையானது. 4-இல் காற்று போதவில்லை, போர்வைக்குள் முகம் மாட்டிக்கொண்டது போல இருந்தது. நானே 11-ஐ 8 ஆக்கிவிடலாம் என்று மெனுவைக் குடைந்ததைச் சொன்னதும் தாதி திட்டினார். "தொண்டை திரும்ப மூடிக்கும் அண்ணே. அப்புறம் மாட்டியும் ஒண்ணுதான், மாட்டாமலும் ஒண்ணுதான்." மருத்துவரிடம் கேட்டுவிட்டு அவரே தொடக்கத்தை 6 ஆக்கினார், ரேம்பை 20 நிமிடமாகக் குறைத்தார். மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தில் 3 குறைந்து கொடுக்கும்படியும் வைத்தார். அன்றைக்குத்தான் நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன்.

சாயங்காலம் டிவி பார்க்கும்போதும் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பேத்தி என்னை யானை என்றாள், போகட்டும்.

இன்னொன்று: முகமூடிப் பட்டையை உட்கார்ந்தபடி இறுக்காதீர்கள். படுத்தால் கன்னம் சரிந்து கண்ணில் காற்று அடிக்கும். படுத்து, கருவியை ஓடவிட்டு, கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுத்தால் போதும். நான் இறுக்கி இறுக்கி மூக்கில் புண் வாங்கியவன். ஏர்கோன் போட்டால் குழாயில் நீர் கோத்து மூக்கில் சொட்டும். கருவியில் ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தேன், நின்றது.

மூன்றாம் மாதம் கருவியின் நினைவு அட்டையைப் படித்தார்கள்: மூச்சுத் தடை மணிக்கு 4 தடவை. ஆனால் காற்றை விழுங்கிக் காலையில் வயிறு உப்பி ஏப்பம் விடுவது இன்னும் முழுதாகப் போகவில்லை. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் கொஞ்சம் பரவாயில்லை. தேவைக்கேற்பத் தானே ஏறி இறங்கும் ஆட்டோ கருவி எனக்குச் சரிவருமா என்று அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டும்.