பேட்டரியைக் கையில் பிடித்துக்கொண்டு சிங்கப்பூருக்கு

மொபிலிட்டி ஸ்கூட்டரோடு, அதாவது நடக்கச் சிரமப்படுகிறவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டியோடு, வெளிநாடு கிளம்புகிறவர்கள் விசா வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைத் திருப்பி அதன் ஸ்டிக்கரைப் படித்துவிடுவது நல்லது. என்னுடையதில் 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்று இருந்தது. பெருக்கினால் 240 வாட்-ஹவர்; பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பதன் அளவு அது. விமானத்தில் கொண்டுபோக, கழற்றி எடுக்கக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று 300 வாட்-ஹவர் வரை இருக்கலாம். ஆனால் அதைத் தனியாகக் கழற்றி, முனைகளை மூடி, கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். அடியில் சாமான்களோடு போடக் கூடாது. சிந்தாத வகை லெட் ஆசிட் பேட்டரி என்றால் வண்டியிலேயே இருக்கலாம். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல், வண்டி தானாக ஆன் ஆகாமல் இருந்தால் போதும். எதுவானாலும் விமான நிறுவனத்தின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும்.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் எனக்கு. ஊன்றுகோலை அழுத்தி அழுத்தித் தோள்பட்டை தேய்ந்த பிறகு வாங்கியதுதான் இந்த வண்டி. அக்கா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நான் பார்த்தது மதுரையிலிருந்து நேராகப் போகும் விமானம் மட்டும்தான். சென்னையில் மாறி ஏறினால் டிக்கெட் கொஞ்சம் குறையலாம். ஆனால் வண்டி இன்னொரு முறை இறங்கி ஏற வேண்டும். அந்த லாபம் எனக்கு வேண்டாம்.

நம் ஊரில் மாற்றுத்திறனாளி ஸ்கூட்டர் என்றால் பின்னால் கூடுதல் சக்கரம் வைத்த பெட்ரோல் வண்டிதானே. விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேர் பையனும் அப்படியே நினைத்து, "டேங்கை சுத்தமா காலி பண்ணிட்டு வாங்க மேடம்" என்றான். அதற்குப் பிறகு எல்லாமே மின்னஞ்சல்தான். வண்டியின் எடை, மடித்த பிறகு நீளம், அகலம், உயரம், பேட்டரியின் வாட்-ஹவர் எல்லாம் எழுதி, ஸ்டிக்கரின் படத்தையும் இணைத்தேன். உயரத்தை விட்டுவிடாதீர்கள். போயிங் 737-இல் சாமான் ஏற்றும் கதவின் உயரம் 90 சென்டிமீட்டர்கூட இல்லை. சக்கர நாற்காலி உதவிக்கு விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் குறியீட்டையும் சொல்ல வேண்டும்: படியேற முடியாது, இருக்கை வரை மெல்ல நடப்பேன் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்.; நடக்கவே முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.சி. இந்த உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். வந்த பதிலைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறேன். கவுண்டரில் வாய்ச்சொல் எடுபடாது.

பேட்டரிக்கு உறை தைக்க மதுரையில் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்திலிருந்து தையல்காரர்கள் இடம் மாறி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். சாமிக்குப் பட்டுக் கட்டும் துணிகளுக்கு நடுவில் நான் பேட்டரியை வைத்ததும், "இதுக்குமா டீச்சர் பாவாடை?" என்று சிரித்தார் தையல்காரர். சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. தடித்த கேன்வாஸில் இரட்டைத் தையல், உள்ளே ரெக்சின், பிளஸ் மைனஸ் முனைகளுக்கு மேல் தனியாக ஒரு மடிப்பு. வாட்-ஹவர் எழுத்து வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தது அவரே யோசித்தது. செக்யூரிட்டியில் பையைப் பிரித்துக் கொட்ட வேண்டியதில்லை.

வண்டியின் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன சிவப்பு நெம்புகோல் உண்டு. அதை இழுத்தால் மோட்டார் விடுபட்டு வண்டி தள்ள வரும். தெரியாதவர்கள் பிரேக் பிடித்த நிலையிலேயே இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த இடத்தைப் படமெடுத்து, அம்புக்குறி போட்டு லேமினேட் செய்து ஹேண்டிலில் கட்டிவிட்டேன். சாவி என் பர்ஸில் வரும். ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். உடைந்தால் நஷ்டஈட்டுக்கு, சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு); நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். வண்டி அதைவிட விலை என்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை எழுதிக் கொடுக்கலாம். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கக்கூடும்.

சிங்கப்பூரில் பஸ், எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயில் இரண்டிலும் ஏற்ற வேண்டுமானால் வண்டி 120 சென்டிமீட்டர் நீளம், 70 சென்டிமீட்டர் அகலத்துக்குள் இருக்க வேண்டும். என்னுடையது அடங்கிவிடும். நடைபாதையில் வேக வரம்பும் உண்டாம். மாசி வீதியில் ஓட்டிப் பழகியவளுக்கு அது ஒரு பொருட்டா! மின்சாரம் இங்கே மாதிரியே 230 வோல்ட், சார்ஜரை மாற்ற வேண்டாம். பிளக் மட்டும் மூன்று சதுர முனை. டவுன்ஹால் ரோட்டில் அடாப்டர் வாங்கியாச்சு.